ஆறாம் நம்பர் சிஸ்டம்

வேலை முடிந்து மணி அடித்துக் கால்மணி நேரம் ஆகியும் வேல்விழி தண்ணீர்த் தொட்டியை விட்டு நகரவில்லை. முதலில் தேங்காய் எண்ணெய், பிறகு சீயக்காய்த் தூள், கடைசியில் சோப்பு. பட்டாசுத் தொழிற்சாலையில் நாள் முழுக்கப் பூச்சட்டிக் கூம்புகளுக்குள் மருந்து திணித்த விரல்கள். மற்ற அழுக்கு போய்விடும். அலுமினியப் பொடி மட்டும் ரேகைகளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.

"என்னடி வேலு, பொண்ணு பாக்க வாராகளா? இம்புட்டு நேரமா களுவுற?" என்றாள் அய்யம்மாள். வேனில் பக்கத்துச் சீட்டுக்காரி.

"கிளாஸ்க்கா இன்னைக்கு."

"என்னைக்குத்தான் கிளாஸ் இல்ல? நகத்தைப் பாரு, வெள்ளி முலாம் பூசினாப்ல இருக்கு. உனக்கெல்லாம் கொலுசே வேண்டாம், கையைத் தூக்கிக் கால்ல வச்சுக்கிட்டாப் போதும்."

தொட்டியைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேல்விழியும் சிரித்தாள். ஆனாலும் இன்னொரு தடவை சோப்புப் போட்டாள்.

வேன் திருத்தங்கலில் அவளை இறக்கிவிட்டு ஆமத்தூர்ப் பக்கம் போனது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே மாடியில் செல்வக்குமாரின் கம்ப்யூட்டர் சென்டர். மொத்தம் எட்டுச் சிஸ்டங்கள். அவளுக்கு எப்போதும் ஆறாம் நம்பர்தான். முதல் மாதத்திலேயே அதன் எழுத்துப் பலகை வெள்ளியாகிவிட்டதால், அவர் மற்றதைத் தொட விடுவதில்லை.

இந்த ஒரு வாரமாக அவளுக்குப் பாடம் கிடையாது. அதற்குப் பதில் ஒரு சி.டி. கொடுத்திருந்தார். விருதுநகர் வக்கீல் சீனிவாசகம் தொழிலாளர் வழக்குகள் பார்ப்பவர். சம்பளம், விபத்து, பிரசவ விடுப்பு என்று வேலைக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டங்களைத் தமிழில் ஒரு இணையதளமாகப் போட வேண்டும் என்பது அவர் ஆசை. சென்னையில் யாரோ ஒரு பையன் பாதி செய்துவிட்டு வெளிநாடு போய்விட்டான். அவன் விட்டுப்போனது இந்த சி.டி.

"நேரா நெட்ல ஏத்திப் பாக்கக் கூடாது," என்றிருந்தார் செல்வக்குமார். "தப்பு இருந்தா ஊரே பாக்கும். மொதல்ல இந்தச் சிஸ்டத்துக்குள்ளயே மொத்த சைட்டையும் ஓட வைக்கணும். சர்வரும் இங்கயே, டேட்டாபேஸும் இங்கயே. இங்க சரியா ஓடினா அப்புறம் வெளிய. நீ செய்யி."

"நானா சார்? ஏதாவது கெட்டுப்போச்சுன்னா?"

"சி.டி. இருக்குல்ல. கெட்டா திரும்பப் போடு."

கெட்டால் திரும்பப் போடலாம் என்ற அந்த வார்த்தையை அவள் டைரியில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டாள். டைரி, அட்டை தலைகீழாக ஒட்டப்பட்டதால் அச்சகத்தில் கழித்துப் போட்டது. சிவகாசியில் இப்படிப்பட்ட டைரிகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு வருடமும் அவளுக்கு ஒன்று கிடைத்துவிடும். அன்றன்று செய்ததை நம்பர் போட்டு எழுதுவாள். எது சரி வந்தது, எது வரவில்லை, வராததற்குத் தான் செய்த தப்பு என்னவாக இருக்கலாம்.

மூன்றாம் நாள் எழுதியிருந்தது இப்படி:

'1. புத்தகத்தோடு வந்த சி.டி.யிலிருந்து சர்வரைப் போட்டேன். 2. ஓடவில்லை. 3. எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். 4. ஓடவில்லை. நான் எங்கோ ஒரு கட்டத்தைச் சரியாக வாசிக்கவில்லை.'

நான்காம் நாள், சிஸ்டத்துக்குள் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களையெல்லாம் பட்டியல் எழுதினாள். முப்பத்திரண்டு வந்தது. ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு, சர்வரை ஓட்டிப் பார்த்து, பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போட்டாள். பதினோராவதை நிறுத்தியதும் சர்வரின் சின்ன விளக்கு பச்சையானது. பழைய சர்வர் ஒன்று யாருக்கும் தெரியாமல் அதே வாசலை மறித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தது.

செல்வக்குமார் தலையில் கை வைத்தார். "போன வருசம் நான் போட்டது. மறந்தே போச்சு. எங்கிட்ட கேட்டிருந்தா ஒரு நிமிசத்துல சொல்லிருப்பேனே."

"தப்பு என்னோடதுன்னு நெனச்சேன் சார்."

2008 ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதி, புதன்கிழமை. டேட்டாபேஸும் ஏறியது. முகவரிக் கட்டத்தில் அவள் தட்டச்சு செய்ததும் பக்கம் திறந்தது. மேலே நீலப் பட்டை, ஓரத்தில் ஒரு தராசுப் படம். அதற்குக் கீழே சட்டம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளுமாகக் குப்பை. அடுத்த பக்கமும் அப்படித்தான். நாற்பத்தொரு பக்கமும்.

அவள் சி.டி.யைத் துடைத்தாள். டேட்டாபேஸை அழித்து மறுபடி ஏற்றினாள். மறுபடியும் அதே குப்பை. எந்த இடத்தில் கெடுத்தோம் என்று டைரியைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஏழாம் நம்பரில் கணக்கு மென்பொருள் கற்றுக்கொண்டிருந்த பாலகுரு எட்டிப் பார்த்தான். பகலில் அவன் ஒரு காலண்டர் அச்சகத்தில் டைப் அடிப்பவன். டைரி உபயமும் அவன்தான்.

"என்ன பிள்ள, முளிச்சுக்கிட்டு இருக்க?"

"எல்லாம் கெட்டுப்போச்சுண்ணே. பாருங்க, ஒரு எளுத்துகூட வரல."

பாலகுரு திரையைப் பார்த்தான். மேல் வரியில் tpgj;J என்று இருந்தது. அவன் விரல் காற்றில் தட்டுவதுபோல ஐந்தாறு தடவை அசைந்தது.

"விபத்து," என்றான்.

"என்னது?"

"விபத்துன்னு போட்டிருக்கு. இது நம்ம காலண்டர் ஃபான்ட்டு. எங்க பிரஸ்ல இருக்கிற சிஸ்டத்துல ஃபான்ட் இருக்கும், அங்கன தமிளா தெரியும். இங்கன இல்ல, அதான் இப்படி நிக்கிது. தள்ளு." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தக் குப்பையைச் செய்தித்தாள் வாசிப்பதுபோல வாசித்தான். "தொழிலாளர் இழப்பீடு. வேலை செய்யும் இடத்தில், வேலையின் காரணமாக, விபத்து நேர்ந்தால்... ஏ பிள்ள, இது நான் அடிச்சது!"

"நீங்களா?"

"வக்கீலுக்குச் சும்மா அடிச்சுக் கொடுன்னு மொதலாளி ஒரு கட்டுத் தாளைக் கொடுத்தாரு. ராசிபலன் சீட்டு அடிச்சு முடிச்சுட்டு, அதே கையோட இதையும் அடிச்சேன். மூணு வருசம் இருக்கும்."

"அப்ப இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"அடிக்கிறப்ப எளுத்துதான் தெரியும். விசயம் எங்க தெரியுது." அவன் மேலே வாசித்துக்கொண்டே போனான். "இழப்பீடு கேட்கும் மனுவை விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு..."

"அண்ணே, நில்லுங்க. எத்தனை?"

"ரெண்டு வருசம்."

"மூணு மாசம்னு இல்லையா?"

"மூணு மாசமா? அப்படி ஒண்ணும் இல்லியே." அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான். "ஏன்?"

வேல்விழி டைரியை இழுத்துக்கொண்டாள். அன்றைய தேதியிலிருந்து செப்டம்பர் பன்னிரண்டு வரை டைரியில் விரல் வைத்து நாட்களை எண்ணினாள். சந்தேகம் வந்து மறுபடி எண்ணினாள். பதினாறு.

* * *

அவள் அம்மா இருளம்மாள் இதே தொழிற்சாலையில் இதே பூச்சட்டி அறையில்தான் வேலை பார்த்தாள். 2006 செப்டம்பரில் அறைக்குள் பொறி விழுந்தது. வாசலோரம் இருந்ததால் உயிர் தப்பினாள். இடது கை மட்டும் வெந்துபோனது. அந்த வருடத்து டைரியில் வேல்விழி எழுதியிருந்தது ஒரே வரி: '12, செவ்வாய். அம்மாவுக்குக் கை.' அதற்குப் பிறகு நாற்பது நாள் பக்கங்கள் காலியாக இருந்தன.

ஆஸ்பத்திரியை விட்டு வந்து, நடக்கத் தெம்பு வந்து, இருளம்மாள் தொழிற்சாலைக்குப் போய்க் கேட்டபோது தைப்பொங்கல் கழிந்துவிட்டது. ஃபோர்மேன் சங்கிலிமுத்து அவளை நாற்காலி போட்டு உட்கார வைத்து, காப்பி வாங்கிக் கொடுத்தார். "மூணு மாசத்துக்குள்ள எளுதிக் கொடுத்திருக்கணும் தாயி. இப்பக் கெடு தாண்டிருச்சு. சட்டம் அப்படி இருக்கு, நான் என்ன செய்ய? உம் மகளை அனுப்பு, வேலை போட்டுக் கொடுக்கேன்," என்றார். வேலை போட்டுக் கொடுத்த மனிதர் என்று இருளம்மாள் இன்றைக்கும் அவரைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வாள்.

அன்று வேல்விழி வீட்டுக்குப் போனபோது அம்மா விளக்கடியில் வெடிக்கான காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தாள். இடது முன்கையால் தாளை அழுத்திக்கொண்டு, வலது கையால் கம்பியை உருட்டினாள். இடது கை விரல்கள் நான்கும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கட்டைவிரல் மட்டும் தனியாக, மெழுகுபோல் பளபளத்து நீட்டிக்கொண்டிருந்தது.

"என்ன பிள்ள, பேயடிச்சாப்ல வார?"

"ஒண்ணுமில்லம்மா. சைட்டு சரியா வரல."

"அது எந்த ஊர்ல இருக்கு, அந்தச் சைட்டு?"

"எங்கயும் இல்லம்மா. அந்த ஒரு டப்பாவுக்குள்ளதான் இருக்கு."

"அப்ப எடுத்து வெளிய விட வேண்டியதுதான," என்று சொல்லிவிட்டு இருளம்மாள் அடுத்த தாளை எடுத்தாள்.

பாலகுரு தப்பாக வாசித்திருந்தால்? 'மூன்று மாதம்' வேறு ஒரு பக்கத்தில் இருந்தால்? பக்கம் ஒழுங்கான தமிழில் திரையில் வரட்டும், நம் கண்ணால் வாசித்துவிட்டு அம்மாவிடம் சொல்வோம் என்று அவள் முடிவு செய்துகொண்டாள். ஒரு தடவை நம்பி எழுந்து போய், காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்தவளை மறுபடி எழுப்ப அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் பாலகுரு தன் அச்சகத்தின் எழுத்து வரிசையை ஒவ்வொன்றாகச் சொல்ல, வேல்விழி டைரியில் இரண்டு பத்தியாக எழுதினாள். இடப்பக்கம் பழைய எழுத்து, வலப்பக்கம் எங்கு திறந்தாலும் தமிழாகவே தெரியும் புது எழுத்து. தேடி மாற்றும் வசதியில் ஒவ்வொன்றாகக் கொடுத்து, 'அனைத்தையும் மாற்று' என்பதை அழுத்திக்கொண்டே போனாள். இரண்டு சாயங்காலம் ஆனது. சனிக்கிழமை பக்கத்தைத் திறந்தால், முன்பு இருந்த நீலப் பட்டையும் இல்லை, தராசும் இல்லை. வெள்ளைத் திரை.

செல்வக்குமார் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "நீ சட்டத்தை மட்டும் மாத்தல. சிஸ்டத்துக்குப் போட்ட கட்டளையையும் சேத்துத் தமிளாக்கிட்ட. பாவம், அதுக்குப் புரியல."

வேல்விழி சிரிக்கவில்லை. டைரியில் 'பதின்மூன்று நாள்' என்று எழுதி, அதற்குக் கீழே ஒன்றும் எழுத வராமல் பேனாவை மூடினாள்.

"எதுக்கு இம்புட்டு மூஞ்சியத் தூக்குற?" என்றான் பாலகுரு. "கெட்டா திரும்பப் போடுன்னு நீயே எளுதி வச்சிருக்கியே."

"நாள் இல்லண்ணே." அம்மாவின் கை விஷயத்தை அவனிடம் அப்போதுதான் சொன்னாள். செப்டம்பர் பன்னிரண்டு என்றாள்.

பாலகுரு எழுத்துப் பலகையிலிருந்து கையை எடுத்தான். தன் பத்து விரல்களையும் விரித்துப் பார்த்தான். "நான் அடிச்சுக் கொடுத்தது அதுக்கு முந்தி," என்றான். பிறகு நாற்காலியை ஆறாம் நம்பரின் பக்கத்தில் போட்டான். "சிஸ்டத்தை வச்சு மாத்த வேண்டாம். மொத சி.டி.யத் திரும்ப ஏத்து. நான் வாசிக்கேன், நீ அடி. விபத்துப் பக்கம் மொதல்ல."

அப்படித்தான் நடந்தது. திரையின் பாதியில் குப்பை, மறு பாதியில் காலிக் கட்டம். அவன் குப்பையைப் பார்த்து வாசிப்பான், அவள் தமிழில் அடிப்பாள். சீசன் வேலை ஏறிக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு ஆர்டர் குவிந்து, சில நாள் வேன் ஏழு மணிக்குத்தான் கிளம்பியது. ஏழரைக்கு மின்சாரம் போய்விடும். யு.பி.எஸ். மின்கலம் ஐந்து நிமிடம் தாங்கும். அந்த ஐந்து நிமிடத்தில் சேமித்து, நகல் எடுத்து, டைரியில் கடைசி வரியை எழுதிவிட்டு எழுந்திருப்பாள். ஒருநாள் முழுதாக நான்கு வரிதான் தேறியது.

"'மேற்படி'ன்னு எத்தனை தடவைதான் போட்டிருக்கீக," என்றாள் வேல்விழி.

"நானா போட்டேன்? சட்டம் போட்டிருக்கு. ராசிபலன்ல எல்லாம் 'மேற்படி' கிடையாது. நேரா 'தனலாபம்'னு போட்டு முடிச்சிருவோம்."

செப்டம்பர் நான்காம் தேதி, வியாழக்கிழமை, பக்கம் வந்தது. நீலப் பட்டை, தராசு, அதற்குக் கீழே வரிசையாகத் தமிழ். செல்வக்குமார், பாலகுரு, மற்றச் சிஸ்டங்களில் இருந்த இரண்டு பெண்கள் எல்லோரும் பின்னால் வந்து நின்றார்கள். அவள் விரலைத் திரையில் வைத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்துக்கொண்டே வந்தாள். இரண்டு ஆண்டுகளுக்குள். அதே வரியை இன்னும் ஒரு தடவை. மூன்று மாதம் என்று எந்த இடத்திலும் இல்லை. விரல் போன வழியெல்லாம் கண்ணாடியில் வெள்ளிக் கோடு விழுந்திருந்தது.

கீழே பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் போன். எண் சி.டி. உறையிலேயே இருந்தது.

"சைட்டு ரெடியாம்மா? ரொம்பச் சந்தோசம்," என்றார் வக்கீல் சீனிவாசகம்.

"ஒரு பக்கம்தான் சார் ரெடி. அதுல ஒரு சந்தேகம். ரெண்டு வருசம்னு போட்டிருக்கே, அது நெசந்தானா?"

"நெசந்தான். ஏன், யாருக்குக் கேக்கீக?"

"எங்க அம்மாவுக்கு."

"விபத்து என்னைக்கு?"

"செப்டம்பர் பன்னெண்டு, சார். ரெண்டாயிரத்து ஆறு."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் நின்றது. "தேதி நல்லாத் தெரியுமா?"

"டைரில இருக்கு சார்."

"ஆஸ்பத்திரிச் சீட்டு?"

"பெட்டில இருக்கு."

"திங்கக்கிழமை சாயங்காலம் நானே அங்க வாரேன். அம்மாவக் கூட்டிக்கிட்டு, சீட்டு, ரேசன் கார்டு எல்லாம் எடுத்து வச்சிருங்க. மனுப் படிவமும் அந்த சைட்டுக்குள்ளயேதான் இருக்கு, அடிச்சு வச்சிருங்க. செவ்வாய்க்கிழமை மதுரைல தொழிலாளர் துணை ஆணையர் ஆபீஸ்ல போட்டிருவோம். பயப்படாதீக. நாள் இருக்கு."

* * *

அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னாள். மறுநாள் வேனில் அய்யம்மாளிடம் சொன்னாள். அய்யம்மாளின் தங்கைக்குக் கால் வெந்து எட்டு மாதம் ஆகிறது. அய்யம்மாள் வாயில் ஒரு செய்தி விழுந்தால் வேனின் கடைசிச் சீட்டு வரைக்கும் போகும். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் சங்கிலிமுத்து வரைக்கும் போயிருந்தது.

ஐந்து மணிக்கு எல்லோரும் எழுந்தபோது அவர் பூச்சட்டி அறை வாசலில் வந்து நின்றார். "வேல்விழி மட்டும் இரு தாயி. இந்த ரெண்டு பெட்டி லோடு இன்னைக்கே போகணும்."

இரண்டு பெட்டியும் முடிய ஆறேகால். அவர் போகாமல் அங்கேயே நின்றிருந்தார்.

"உங்க அம்மா கை விசயமா என்னமோ பேசிக்கிட்டாக. கெடு தாண்டிருச்சுன்னு அன்னைக்கே சொன்னேனே."

"தாண்டலண்ணே. இன்னும் நாலு நாள் இருக்கு."

"யாரு சொன்னா?"

"சட்டத்துல இருக்கு. நான்தான் டைப் அடிச்சேன்."

சங்கிலிமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். குரல் உயரவில்லை. "நாளைக்கும் வேலைக்கு வரணும்ல தாயி?"

"வருவேண்ணே," என்றாள். சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். வேன் போய்விட்டிருந்தது. தொட்டியடியில் நிற்க நேரமில்லை. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடி, டவுன் பஸ்ஸைப் பிடித்தாள்.

சென்டரில் எல்லோரும் அவளுக்காகத்தான் காத்திருந்தார்கள். இருளம்மாள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, மஞ்சள் பையை மடியில் வைத்தபடி ஆறாம் நம்பர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சட்டையும் வேர்வையுமாக வக்கீல் நின்றுகொண்டிருந்தார். அய்யம்மாள், அவள் தங்கை, வேனில் வரும் இன்னும் மூன்று பேர். இரண்டு பேருக்கு நாற்காலி இல்லை.

"ஏழரைக்குக் கரன்ட் போயிரும்," என்றார் செல்வக்குமார். மணி ஏழு இருபது.

வேல்விழி முகவரியை அடித்தாள். பக்கம் திறந்தது. "வாசி தாயி," என்றார் வக்கீல். அவள் வாசித்தாள். அந்த வரி வந்தபோது இருளம்மாள் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள்.

"அன்னைக்கு இது எங்க இருந்துச்சு?"

பாலகுரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

படிவத்தை அச்சுக்குக் கொடுத்தாள். பிரிண்டர் கிர்ரென்று ஒவ்வொரு வரியாக இழுத்துத் தள்ளியது. கடைசி வரி விழுந்ததும் தாளை அவளே வெளியே எடுத்து மேஜையில் வைத்தாள். வக்கீல் விவரங்களை நிரப்பினார். பெயர், ஊர், வேலை பார்த்த அறை, விபத்து நாள். ஆஸ்பத்திரிச் சீட்டோடு தேதியை ஒத்துப் பார்த்தார். "சரியா இருக்கு. நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள இது ஆபீஸ்ல இருக்கும். சீல் போட்ட நகலை நானே கொண்டுவந்து தாரேன்."

"எனக்கும் ஒண்ணு அடிச்சுக் கொடு வேலு," என்றாள் அய்யம்மாளின் தங்கை.

அடியில் ஒரு சதுரக் கட்டம். 'மனுதாரரின் கையொப்பம் அல்லது இடது கைப் பெருவிரல் ரேகை.' இருளம்மாளுக்குக் கையெழுத்து வராது. வக்கீல் மைப் பெட்டியைத் திறந்து வைத்தார். அவள் இடது கையை வலது கையால் தூக்கி, கட்டைவிரலை மையில் அழுத்தி, கட்டத்துக்குள் வைத்து எடுத்தாள்.

மின்சாரம் போனது. மின்கலம் கீச்சிடத் தொடங்கியது. திரை வெளிச்சத்தில் எல்லோரும் குனிந்தார்கள். கட்டத்துக்குள் ஒரு நீல வட்டம். மை கொட்டியதுபோல, கோடு ஒன்றுகூட இல்லாமல், வழவழவென்று.

"திரும்ப வைக்கட்டுமா?" என்று கேட்டாள் இருளம்மாள்.

"வேண்டாம்மா. இதுவே இருக்கட்டும்," என்றார் வக்கீல்.

அவர் தாளை மடிக்கத் திரை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபோதுதான் வேல்விழி அதைப் பார்த்தாள். பிரிண்டரிலிருந்து தாளை எடுத்தபோது அவள் பிடித்திருந்த ஓரத்தில், அம்மாவின் நீல வட்டத்துக்கு நேராக, அவளுடைய கட்டைவிரல் பதிந்திருந்தது. ஒரு ரேகை விடாமல், சுழி சுழியாக, அலுமினிய வெள்ளியில்.